மூன்று நாள் கழித்து வாருங்கள்

சபையில் அவளுக்கு நாளாகமம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். வேதாகமத்தின் நாளாகமப் புத்தகங்களில் வருகிற யூதா ராஜாக்கள் அத்தனை பேரையும் வரிசை பிசகாமல் சொல்லுவாள். எந்த ராஜா எத்தனை வயதில் பட்டத்துக்கு வந்தான், எத்தனை வருஷம் ஆண்டான், அவனைப் பெற்றவள் பேர் என்ன, எல்லாம் தலைகீழாகத் தெரியும். பதினோரு வயதில் ஞாயிறு பள்ளிப் போட்டிக்காக உருப்போட்டது. போட்டியில் அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவளுக்கு அடுத்த வாரமே எல்லாம் மறந்துபோனது. இவளுக்கு நாற்பது வருஷம் ஆகியும் மறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவளுக்கு இன்னமும் கொஞ்சம் ஆற்றாமை உண்டு.

பிழைப்பு வேறு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைப் பிரிவில் இருபத்தேழு வருஷ வேலை. ஜன்னல் கிடையாது. நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக அழுக்குத் துணி இறங்கும். ஆள் உயர இயந்திரங்கள் துணியை விழுங்கி, துவைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் துப்பும். அங்கே உலர்த்தி இயந்திரம், உருளை இஸ்திரி, நீளமான மடிக்கும் மேசை. சுத்தப் பக்கம் சூடு. அழுக்குப் பக்கம் நாற்றம். இரண்டில் எது தேவலாம் என்று கேட்டால் பதினான்கு பெண்களும் ஒரே குரலில் சூடு என்பார்கள்.

சபையில் பெரியவர்கள் வகுப்பை முதலில் நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். தாவீது வரை சுவாரசியமாக நடத்தினார். சாலொமோனைக் கஷ்டப்பட்டு முடித்தார். அதோடு புத்தகத்தை மூடிவிட்டு அவளிடம் வந்தார்.

"இதுக்கு மேல எல்லாம் ஒரே குழப்பம்மா. ஒருத்தன் நல்லவன், அடுத்தவன் கெட்டவன், பேரெல்லாம் ஒரே மாதிரி. உனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே, நீ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். அன்று பிடித்தது சனி.

வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குப் பாடம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே புரிந்தது. சிக்கல் என்னவென்றால், எந்த ராஜாவைப் பற்றிச் சொன்னாலும் ஒவ்வொருவருக்கும் வேறு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். யோராம் என்ற ராஜா இறந்தபோது அவனுக்காக வருத்தப்பட ஒருவர்கூட இல்லை என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசையில் இருந்த அவளுடைய நாத்தனார், கணவனுடைய மூத்த அக்கா, கையைத் தட்டினாள்.

"அப்படியே நம்ம பழைய வீட்டுக்காரர்தான். அச்சு அசல்."

"அண்ணி, நாம நம்மளைப் பத்தி யோசிக்கிறதுக்குத்தான் இந்தப் பாடம்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நம்மளை என்ன பாடு படுத்தினார் அந்த மனுஷன்."

கடைசி வரிசையில் ஒரு குழாய் வேலைக்காரர். நாற்பது வயது இருக்கும். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தொட்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். ஆனால் ஒரு வாரம் தவறாமல் வருவார். யோராம், யோவாஸ், யோதாம், யோசியா என்று வருகிற பேர்கள் எல்லாம் அவருக்கு ஒரே ஆள். "அக்கா, இவர்தானே போன வாரம் செத்துப்போனாரு?" என்று கேட்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் வேறு இவர் வேறு என்று விளக்குவாள்.

ராஜாக்கள் பேரிலும் அவளுக்கு எரிச்சல் குறைவில்லை. தப்பு செய்தவன் கதி என்ன ஆயிற்று என்று அப்பன் கண்ணெதிரே பார்த்த மகன் அதே தப்பைத்தான் செய்கிறான். நல்லவன் என்று பேரெடுத்தவன்கூட முழுசாகத் தேறுவதில்லை. எல்லாம் செம்மையாகச் செய்தான், ஆனாலும் மேடைகளை மட்டும் அகற்றவில்லை என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும். மலை மேலே ஜனங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பலி கொடுத்துக்கொண்டிருந்த மேடைகள் அவை. ஒரு ராஜா விட்டுவைப்பான், அடுத்தவனும் விட்டுவைப்பான். சனிக்கிழமை சாயங்காலம் பாடத்தைத் தயார் செய்யும்போது அவள் புத்தகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "எத்தனை தடவைதான் சொல்றது இவனுங்களுக்கு."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. சட்டையில் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே, "செத்து ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆச்சு. இனிமே திருந்தவா போறான், விடு" என்பான்.

அவள் முதன்முதலில் நடத்திய பாடம் ரெகொபெயாம். அந்தக் கதை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாலொமோன் இறந்து அவன் மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வருகிறான். ஜனங்கள் கூட்டமாக வந்து, உம்முடைய தகப்பனார் எங்கள்மேல் பாரமான நுகத்தை வைத்தார், அதைக் கொஞ்சம் லேசாக்கும், உமக்கு உழைக்கிறோம் என்று கேட்கிறார்கள். மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். அந்த மூன்று நாளில் தகப்பனாருடைய காலத்துப் பெரியவர்களைக் கேட்கிறான். இதமாக ஒரு வார்த்தை சொல்லும், காலத்துக்கும் உம்மோடு இருப்பார்கள் என்கிறார்கள். பிறகு தன்னோடு வளர்ந்த கூட்டாளிகளைக் கேட்கிறான். என் தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேளால் கொட்டவைப்பேன் என்று சொல்லும் என்கிறார்கள். மூன்றாம் நாள் வந்த ஜனங்களிடம் அதையே சொல்கிறான். பன்னிரண்டு கோத்திரத்தில் பத்துக் கோத்திரம் அவனை விட்டுப் போய்விடுகிறது.

"ஒரே ஒரு வார்த்தை," என்று அன்று வகுப்பில் விரலை உயர்த்திக்காட்டினாள். "இதமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராஜ்யம் அப்படியே இருந்திருக்கும். நாக்கு வளையல. அவ்வளவுதான் விஷயம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுக்குத் தன் வேலையிடத்து மேற்பார்வையாளர் ஞாபகம் வந்தது. கழுத்தில் விசில் தொங்கப்போட்டுக்கொண்டு பெண்களை ஆட்டிப்படைத்தவர். வண்டி வந்தால் ஒரு விசில், இயந்திரம் நின்றால் இரண்டு. அவருக்குப் பிடிக்காதவர்களுக்கு அழுக்குப் பக்கத்துப் பிரிக்கிற மேசைதான் நிரந்தரம். வார்டுத் துணியை ஒவ்வொன்றாக உதறி, போர்வை தனி, ரத்தம் பட்டது தனி, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி தனி என்று பிரிக்கிற வேலை. துணிக்குள் என்ன இருக்கும் என்று உதறினால்தான் தெரியும். ஒரு நாள் அவர் வழுக்கி உட்கார்ந்தபோது வாய்விட்டுச் சிரித்ததற்காக, இளம் வயதில் இவளே நாலு வருஷம் அங்கே நின்றிருக்கிறாள்.

ஐந்து மாதம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். மேலிடம் இவளைக் கூப்பிட்டு மேற்பார்வையாளர் ஆக்கியது. விசிலும் கைக்கு வந்தது.

பொறுப்பேற்ற முதல் வாரமே பிரிக்கிற மேசையிலிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள். பேசியது ஒல்லி. ஆள் குச்சியாக இருப்பதால் வந்த பேர். இடது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தாள். முந்தின வாரம் ஒரு போர்வைக்குள் ஊசி கிடந்து குத்திவிட்டது. அதற்காக ரத்தப் பரிசோதனை, அதன் முடிவு வரும்வரை தூக்கமில்லாத நாட்கள், எல்லாம் நடந்தது.

"அக்கா, மூணே விஷயம்தான். எங்களுக்குக் கனமான கையுறை வேணும். இது காகிதம் மாதிரி இருக்கு. அப்புறம் அந்த மேசைக்கு வாரம் ஒருத்தரா முறை போடுங்க. எப்பவும் நாங்க மூணு பேரே நிக்கிறோம். அந்த விசிலையும் விட்டுடுங்க. நாய்க்கு ஊதுற மாதிரி இருக்கு."

அவள் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களும் அந்த மேசையில நின்னவங்கதானே. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. நாலு வருஷம் நின்றேன், யாரிடமாவது போய் முறையிட்டேனா என்று உள்ளே ஒன்று முரண்டு பிடித்தது. வெளியே, "இப்பத்தான் வந்திருக்கேன். மூணு நாள் கழிச்சு வாங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மடிக்கும் மேசையில் எல்லாருக்கும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். பெரியக்கா என்றுதான் அத்தனை பேரும் கூப்பிடுவார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

"பாவம், நியாயமாத்தானே கேக்குறாங்க," என்றாள் பெரியக்கா, போர்வையின் நாலு முனையையும் ஒரே வீச்சில் சேர்த்தபடி. "உடனே எல்லாம் முடியாட்டியும், பாக்குறேன்டின்னு ஆதரவா ஒரு வார்த்தை சொல்லு. உனக்காக உசுரை விடுவாங்க."

பிறகு, அவளோடு சேர்ந்து மேற்பார்வையாளர் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பேரை உணவகத்தில் பார்த்தாள். ஒருவன் சமையல்கூடத்துக்கு, இன்னொருத்தி பண்டகசாலைக்குப் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினார்கள்.

"முதல் வாரமே இறங்கிப் போனீங்கன்னா முடிஞ்சுது கதை. அப்புறம் தலைமேல ஏறி உக்காருவாங்க."

மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள். அவள் என்ன சொல்ல நினைத்து எழுந்தாளோ தெரியாது. வாயில் வந்தது இதுதான்.

"பழையவரு விசில் ஊதினா நீங்க நின்னீங்க. என் காலத்துல நான் ஊதுறதுக்கு முன்னாடியே நிக்கணும். அவரு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்தாரு, நான் தினம் பாப்பேன். கையுறை இருக்கிறதுதான். மேசைக்கு யாருன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

ஒல்லி கட்டுப் போட்ட கையை மடக்கிக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். காரியம் சுமுகமாக முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்துக்குள் ஒன்பது பேர் இடமாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். துப்புரவுக்கு, சமையல்கூடத்துக்கு, வார்டு உதவிக்கு, எங்கேயாவது. அந்தச் சமயம் பார்த்து எல்லா இடத்திலும் ஆள் பற்றாக்குறை. மேலிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டது. அவர்களுக்குப் பதிலாக வந்த புதியவர்களுக்கு உருளை இஸ்திரியில் துணியை எந்தப் பக்கமாக விடுவது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பச்சைத் துணி சரியான நேரத்தில் மேல்தளத்துக்குப் போய்ச் சேராமல் காலையில் நடக்கவேண்டிய இரண்டு ஆபரேஷன்கள் மத்தியானத்துக்குத் தள்ளிப்போயின. நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பழையவர் இருபது வருஷம் இருந்தார். இப்படி ஒரு தடவையும் ஆனதில்லையே."

அவள் படியிறங்கிச் சலவைப் பிரிவுக்குத் திரும்பினாள். கோபம் முழுக்க அந்தப் பெண்கள் பக்கம் திரும்பியது. எத்தனை பேருக்கு நல்லது கெட்டதுக்கு நின்றிருக்கிறேன், எத்தனை தடவை பழையவரிடம் பேச்சு வாங்காமல் காப்பாற்றியிருக்கிறேன், இப்போது கூண்டோடு காலை வாரிவிட்டுப் போய்விட்டார்களே என்று பொருமினாள். வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போட்டன. கணவன் அவற்றுக்கு வழிவிட்டு நடந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் உசியா. கெட்டிக்கார ராஜா. கோட்டை கட்டினான், கிணறு வெட்டினான், மதிலுக்கு மேலே கல் எறிகிற பொறிகள் வைத்தான். பலம் ஏறியது, மனமும் ஏறியது. ஆசாரியர்கள் மட்டுமே செய்யவேண்டிய தூபம் காட்டுகிற வேலையை நானே செய்வேன் என்று ஆலயத்துக்குள் போனான். எண்பது ஆசாரியர்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். கோபப்பட்டான். கோபப்பட்ட அந்த நிமிஷத்தில் நெற்றியில் குஷ்டம் தோன்றியது.

தங்களுக்கு வைத்த இடத்தில் நிற்கத் தெரியாதவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு என்று அவள் ஆரம்பித்தாள். சலவைப் பிரிவுக் கதையை உதாரணமாகச் சொன்னாள். பேர் சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல ஆவேசம் கூடியது.

"பொறுப்புக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகல. வந்து நிக்கிறாங்க. நான் என்ன, முடியாதுன்னா சொன்னேன்? மூணு நாள் கழிச்சு வாங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். பெரியவங்க ஒருத்தங்களைக் கேட்டேன், கூட வேலை பாக்குறவங்களைக் கேட்டேன், எல்லாம் விசாரிச்சுத்தான் பதில் சொன்னேன். பதினாலு பேர்ல ஒன்பது பேர் எழுந்து போயிட்டாங்க. இதுக்குப் பேர் என்ன?"

நாத்தனார் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவர் பழைய வீட்டுக்காரரையோ மச்சினனையோ இழுத்துவிட்டிருக்க வேண்டும். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசி வரிசையில் குழாய்க்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கையைத் தூக்கினார்.

"அக்கா, ஒரு சந்தேகம். மூணு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னாரே ஒரு ராஜா, அவரு பேரு என்ன? எனக்கு ரெண்டு நாளா வாய்ல வந்து வந்து நிக்குது, வரமாட்டேங்குது."

"ரெகொபெ..." என்று அவள் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். அவள் காதுமடல் வரை சூடு ஏறியது. "நேரமாயிடுச்சு, ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாம்" என்றாள். இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வருஷத்தில் இப்படி ஒரு நாள் நடந்ததில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் அவளே பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணி, சொல்லுங்களேன்" என்றாள்.

"நான் என்னம்மா சொல்றது. பாடம் நடத்துறது நீ."

குழாய்க்காரர் பேரில் வந்த ஆத்திரம் லேசில் அடங்கவில்லை. தூங்கிவழிகிற மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் சந்தேகம் வரவேண்டுமா. குத்திக்காட்டத்தான் கேட்டிருக்கிறான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி வேஷம் போடுகிறான் என்று முடிவு கட்டினாள். அடுத்த வாரம் வேதம் வாசிக்கிற முறை அவருடையது. வியாழக்கிழமை தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, இந்த வாரம் நீங்களே வாசித்துவிடுங்கள் சார் என்று ஏற்பாடு செய்தாள்.

கணவன் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏன், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

"உங்களுக்கு வேற வேலையில்ல?"

சனிக்கிழமை சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து, அதுவரை நடத்திய ராஜாக்களை மறுபார்வைக்காக ஒரு தாளில் எழுதினாள். மூன்றாவது ஆசா. நல்லவன் கணக்கில் வருபவன். நாற்பத்தோரு வருஷம் ஆண்டவன். அவனுடைய தப்பைச் சுட்டிக்காட்ட ஒரு தீர்க்கதரிசி வந்தான். ஆசா அவன்மேல் கோபம் கொண்டு காவலறையில் போட்டான். நாற்பது வருஷமாக அவளுக்கு மனப்பாடமாக இருக்கிற வரி. எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, வாசிக்கிறவர்கள் முறைப்பட்டியலைப் பார்த்தாள். குழாய்க்காரர் பேர் அடிக்கப்பட்டு மேலே தலைமையாசிரியர் பேர் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"இந்தப் புத்தகத்துக்கு என்னை விட்டா வேற ஆள் கிடைக்கலையா," என்றாள் சத்தமாக.

கணவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

அன்று அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது, வருஷம், தாயின் பேர் எல்லாம் இருந்தன. அவள் இதுவரை கவனிக்காத ஒன்றும் இருந்தது. அந்த வரிசையில் தப்பு செய்யாதவன் என்று ஒருத்தன் இல்லை. சொல்ல வந்தவனை என்ன செய்தான் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆசா காவலில் போட்டான். யோவாஸ் கல்லெறிந்து கொல்லச் சொன்னான். இன்னும் நடத்தாத பாடங்களில் வருகிறவர்களும் அவள் நினைவுக்கு வந்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம் அக்கிரமம் செய்த மனாசே, அடிபட்டுச் சிறைப்பட்டு அந்நிய ஊரில் கிடந்தபோது தலை குனிந்தான். அவனுக்கும் மன்னிப்பு கிடைத்தது. அவன் பேரன் யோசியா, வேதப் புத்தகத்தை வாசிக்கக் கேட்டதுமே துக்கத்தில் உடுத்தியிருந்த வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். இது புரிந்ததில் அவளுக்கு ஆனந்தம் ஒன்றும் வரவில்லை. இருபத்தேழு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் உழைத்துவிட்டு, ஒல்லி முன்னால் போய் நிற்கவேண்டுமே என்று நினைத்தபடி தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை முதலில் மடிக்கும் மேசைக்குப் போனாள்.

"பெரியக்கா, நான் செஞ்சது தப்பு. இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

பெரியக்கா போர்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு நாள் கழிச்சு வா. யோசிச்சுச் சொல்றேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நாலு போர்வை மடித்த பிறகு பெரியக்கா பெருமூச்சு விட்டாள்.

"என்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற. ஒல்லிகிட்ட போ."

ஒல்லி சமையல்கூடத்தின் பின்னால் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கட்டு இல்லை. சின்னதாக ஒரு தழும்பு. இவள் வந்து நின்றதைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது சரியில்ல. நீ கேட்டது மூணும் நியாயம்தான். அந்த மேசையில நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படிப் பேசினேன். அதுதான் இன்னும் மோசம்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லி குழாயை மூடினாள்.

"நீங்க வந்து சொன்னது சரிக்கா. மனசுல ஒண்ணும் இல்ல. ஆனா நான் வரல. எனக்கு இங்க நல்லாயிருக்கு. இங்க ஊசி இல்ல."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒல்லி குழாயைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வந்தவள் விசிலைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். சுவரில் முறைப்பட்டியல் எழுதி ஒட்டினாள். பிரிக்கிற மேசைக்கு வாரம் இரண்டு பேர். முதல் வாரத்துக்கு முதல் பேர் அவளுடையது. புதிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் முதுகு விட்டுப்போயிற்று. ஐம்பத்தோரு வயதில் அந்த நாற்றம் இளவயதில் இருந்ததைவிட அதிகமாக அடித்தது. அந்த ஒரு வாரத்தில் துணிகளுக்குள் அவளுக்குக் கிடைத்தவை: ஒரு கத்தரிக்கோல், யாரோ ஒருவருடைய பல்செட், ஒரு மூக்குக்கண்ணாடி, மூன்று ஊசிகள். ஊசிகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, எந்த வார்டுத் துணி, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டி, செவிலியர் கண்காணிப்பாளரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"இது துணிக்குள்ள வரக்கூடாதே," என்றார் அவர்.

"வருதும்மா. அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அடுத்த வாரமும் டப்பாவோடு போனாள். அதற்கடுத்த வாரமும். டப்பாவைப் பார்த்தாலே மேலே இருக்கிறவர்கள் முகம் சுளிக்கிற அளவுக்குப் போனாள். நான்கு மாதம் கழித்துத்தான் வார்டுகளில் துணியைக் கட்டுமுன் உதறிப் பார்க்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. கையுறைக்கு மூன்று கடிதம் எழுதினாள். வந்து சேர்ந்தவை எல்லாம் இடது கைக்கானவை. நாலாவது கடிதத்தை எழுதாமல் பண்டகசாலைக்கே போய், சரியான பெட்டி கைக்கு வரும்வரை உணவகத்தில் அவளுக்கு யோசனை சொன்ன அந்தப் பொறுப்பாளரின் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது பேரில் நான்கு பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அதில் இரண்டு பேர் நடைபாதையில் எதிர்ப்பட்டால் இன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். அவளும் அதைப் பார்க்காத மாதிரி போவாள். பெரியக்கா பழையபடி பேச ஒரு வருஷம் ஆயிற்று.

குழாய்க்காரரிடம், ஒல்லியிடம் போவதற்கு முந்தின நாள், அந்த மறுபார்வை ஞாயிற்றுக்கிழமையே வகுப்பு தொடங்குமுன் போயிருந்தாள். முறைப்பட்டியலில் அடித்த பேரைத் திரும்ப எழுதியிருந்தாள்.

"உங்க பேர்ல கோபப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க கேட்டது சரியான கேள்வி."

அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "எந்தக் கேள்விக்கா?"

"அதான், அந்த மூணு நாள் ராஜா பேரு."

"ஓ, அதுவா. நிஜமாவே பேரு மறந்துபோச்சுக்கா. நீங்களும் பாதியில விட்டுட்டீங்க. யோராமா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ரெகொபெயாம்" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாசிக்க எழுந்துபோனார். வேறு அதிகாரத்தை எடுத்து வாசித்தார்.

அதற்குப் பிறகு அவள் எட்டு வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தாள். குணம் ஒன்றும் மாறிவிடவில்லை. சுருக்கென்று கோபம் வருவது அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமைகளில் தலையில் அடித்துக்கொள்வதும் நிற்கவில்லை. யாராவது வந்து முன்னால் நின்றால் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் வந்து நின்றாள். முறைப்பட்டியலில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றாள். உலர்த்திக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு யாரும் தண்ணீர் குடிக்க இடைவெளி கொடுப்பதில்லை என்றாள். மேற்பார்வையாளருக்கு வேண்டியவர்கள் என்று நாலு பேர் இருப்பதாக எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். குரலில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.

நாளாகமம் அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பத்து நாள் முன்னால் வந்தது, என்னைக் கேள்வி கேட்கிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. முதல்ல இருந்து சொல்லு."

பெண் சொன்னாள். பட்டியல் விஷயம் தவறு. தேதியை மாற்றிப் படித்திருந்தாள். வேண்டியவர்கள் விஷயம் வெறும் வாய்ப்பேச்சு. தண்ணீர் விஷயம் உண்மை. எட்டு வருஷமாக அவள் கண்ணில் அது படவே இல்லை. எழுந்து உலர்த்திப் பக்கம் போய், அங்கே நின்றவளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, அவள் குடித்துவிட்டு வரும்வரை வண்டியைத் தானே தள்ளினாள். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.